குனிந்த தலை

அக்டோபர் 14, திங்கள்

ஓலைக்குடிக்காட்டில் இன்று பெட்டி கொடுத்தோம். வீட்டுக்கு ஒன்று. நீல இரும்புப் பெட்டி. மூடியில் நிதி தந்தவர்களின் சூரியன் சின்னம். முன்னால் பூட்டு.

இந்தப் பருத்திக்காட்டு ஊர்களில் பூச்சிமருந்தைக் குடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் முந்தின நாள் வரை சாக நினைத்தவர்கள் இல்லை. ஒரு சண்டை. ஒரு சொல். கைக்கெட்டிய பாட்டில். திட்டம் இவ்வளவுதான்: கோபத்துக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு பூட்டு. எம்.ஏ. முடித்து இந்த வேலைக்கு வந்த பிறகு நான் முழுதாக நம்பிய முதல் பொருள் இந்தப் பூட்டு.

சாவியை வீட்டுப் பெண்களிடம் கொடுக்கலாம் என்றது நான். ஆண்கள் குடித்துவிட்டு வருகிறார்கள். சாவி அவர்களிடம் எதற்கு? பிரபாகர் சார் (எங்கள் திட்ட இயக்குநர்) அதை மேடையில் தன் யோசனையாகச் சொன்னார். கைதட்டினார்கள். பரவாயில்லை.

முதல் சாவி இளவரசிக்கு. வயது இருபத்தேழு இருக்கும். புகைப்படத்துக்காக நான் நீட்ட, அவள் வாங்கினாள். கேமராவை நேராகப் பார்த்தாள். கூட்டத்திலிருந்து அவள் மாமியார் கொளஞ்சி குரல் கொடுத்தாள்:

"குனிஞ்சு வாங்குடி. என்னமோ கப்பு வாங்கற மாதிரி நிக்கிற."

எல்லோரும் சிரித்தார்கள். இளவரசியும் சிரித்தாள். குனியவில்லை.

படம் நன்றாக வந்திருக்கிறது.

அக்டோபர் 16, புதன்

வீடு வீடாகப் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். இளவரசி வீட்டில் நடு அறையில், டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வேறு. அவள் கணவன் தங்கதுரை காட்டிலிருந்து எல்லா மருந்தையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து உள்ளே அடுக்கியிருந்தார். பருத்திக்கு, சோளத்துக்கு என்று தனித்தனியாக. பக்கத்தில் பட்டா, நகை டப்பா.

"பூட்டுற பொட்டி இந்த வீட்டுல இது ஒண்ணுதான மேடம்," என்றார்.

ஒழுங்கு. எனக்கு ஒழுங்கு பிடிக்கும். என்னென்ன பாட்டில் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். இளவரசி தாலிக்கயிற்றில் கோத்திருந்த சாவியால் பூட்டிக் காட்டினாள். தையல் கற்றுக்கொண்டிருக்கிறாளாம். என் ரவிக்கைக் கையின் தையலைப் பார்த்து, "யாரு தச்சா இத? கோணலா இருக்கு," என்றாள்.

அக்டோபர் 17, வியாழன்

மழை. கூட்டம் இல்லை. துணி காயவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

இளவரசி குடித்துவிட்டாள்.

பகல் பதினோரு மணிக்கு, வீட்டில். நாத்தனார் மகள் பெரியவளாகி இருக்கிறாள். மஞ்சள் நீராட்டுக்குச் சீர் கொண்டுபோவது பற்றிப் பேச உறவினர் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ வாக்குவாதம். தங்கதுரை எல்லோர் முன்னாலும் அறைந்தாராம். போனைப் பிடுங்கிக்கொண்டாராம். அவள் எழுந்து நடு அறைக்குள் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரும் எழவில்லை.

பிரபாகர் சார் போனில்: "நீங்க போய்க் கூட இருங்க மேகலா. பத்திரிகைக்காரங்க எவனும் வந்துடாமப் பாத்துக்கங்க."

மாவட்ட அரசு மருத்துவமனை. நான் போனபோது துணியெல்லாம் மாற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள். வாயில் நுரை. கண்மணி குண்டூசித் தலை அளவு. பயிற்சி மருத்துவர் ஷெரின், நாகர்கோவில்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம், கொளஞ்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டுல என்ன குடுத்தீங்க?"

"புளியக் கரைச்சு ஊத்துனோம். வாந்தி எடுக்கட்டும்னு."

"எதையும் ஊத்தக்கூடாதும்மா. வாந்தி எடுக்கவும் வைக்கக்கூடாது, அது நெஞ்சுக்குள்ள போயிரும். அப்படியே தூக்கிட்டு வரணும், பாட்டிலையும் எடுத்துட்டு. பாட்டில் எங்க?"

கொளஞ்சி தங்கதுரையைப் பார்த்தாள். தங்கதுரை சுவரைப் பார்த்தார். பாட்டிலைக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். போலீஸ் வருமே என்று.

"காட்டுல அடிக்கறப்ப காத்துல பட்டுருச்சுங்க," என்றார் தங்கதுரை.

"காத்துல பட்டதுக்கு வயித்துக்குள்ளேர்ந்து வாசன வருமா?" டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "இங்க பாருங்கண்ணே. இதுக்கெல்லாம் இப்ப கேஸ் போட்டு யாரையும் உள்ள வைக்கறதில்ல. போலீஸ் எழுதிக்கும், அவ்வளவுதான். என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் நான் வைத்தியம் பண்ண முடியும்."

நான் சொன்னேன். பெட்டியில் இருந்தவை எல்லாவற்றையும், இருந்த வரிசையிலேயே சொன்னேன். எது குறைகிறது என்று தங்கதுரை தலையைத் தொங்கப்போட்டபடி சொன்னார்.

"நீங்க யாரு?" டாக்டர் என்னைக் கேட்டார்.

"பெட்டி கொடுத்த திட்டத்துல இருக்கேன்."

"எந்தப் பெட்டி?"

பதில் சொல்வதற்குள் அவரை வேறு கட்டிலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த வீட்டுக்கு ஒரு சாவி தரப்பட்டிருந்தது. அதுவே திறக்கப் பயன்பட்டிருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

பிழைத்துக்கொள்வாள் போலிருக்கிறது. அட்ரோபின் ஊசி இறங்க இறங்க நுரை நின்றது. விடியும் முன் பிதற்றல், ஊசியால் வருவதாம். காலையில் கண் தெளிந்து என்னைப் பார்த்து, "ரவிக்கைய மாத்தலியா?" என்றாள்.

தாய் தகப்பன் இல்லை. அண்ணன் திருப்பூரில். கொளஞ்சி வீட்டுக்கும் வார்டுக்கும் அலைகிறாள். பெண்கள் வார்டு என்பதால் தங்கதுரை வராந்தாவில்.

டாக்டர் ஷெரின் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"தலையணையிலேர்ந்து தலையத் தூக்கச் சொல்லுங்க. நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் அப்படியே தாங்கணும். அடிக்கடி பாருங்க. தூக்க முடியலன்னா ஓடி வந்து என்னக் கூப்பிடணும். நான் சாப்பிட்டுட்டு இருந்தாலும் சரி."

"தேறிட்டாங்களே?"

"இந்த வகை மருந்துல சிலர் தேறின மாதிரியே இருப்பாங்க. எழுந்து உக்காந்து இட்லி சாப்பிடுவாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கழுத்து தளரும். அப்புறம் நெஞ்சு. அப்புறம் மூச்சு. முதல்ல சொல்றது கழுத்துதான்."

அதிலிருந்து இதுதான் என் வேலை.

"இளவரசி, தலையத் தூக்குங்க."

தூக்குகிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது. கூரையைப் பார்க்கிறாள்.

"போதும்."

இறக்குகிறாள். பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள்: "என்னாம்மா, டிரில்லா?"

அக்டோபர் 23, புதன்

இட்லி சாப்பிட்டாள். மூன்று. தலைமுடியில் சிக்கெடுக்கச் சொன்னாள்.

தங்கதுரை கூட்டிப்போகிறேன் என்கிறார். வெள்ளிக்கிழமை மஞ்சள் நீராட்டு. அவர் தாய்மாமன். தாய்மாமன் சீர்த்தட்டு எடுக்க வேண்டும், தாய்மாமன் பெண்டாட்டி முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவள் இல்லாவிட்டால் ஊர் கேட்கும். ஊர் கேட்டால் தெரிந்துவிடும்.

"அத்தக்காரி உசுரோட இருக்கையில வேற ஒருத்தி தண்ணி ஊத்துனா நல்லாவா இருக்கும்?" கொளஞ்சி டாக்டரிடம். "தண்ணி ஊத்துன அன்னிக்குச் சாயங்காலமே கொண்டாந்து படுக்க வச்சுடுறோம்."

"இன்னும் ரெண்டு நாள் இங்கதான் இருக்கணும். வழியில மூச்சு நின்னா ஆட்டோவுல என்ன பண்ணுவீங்க?"

"நல்லாத்தான இருக்கா. இட்லி தின்னா."

"அதத்தான் நானும் சொல்றேன். நல்லா இருக்கற மாதிரி இருக்கும்."

"நான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் தங்கதுரை.

நான் வராந்தாவுக்குப் போய் அவரிடம் பேசினேன். பல்கலைக்கழகத்தில் படித்த எல்லாவற்றையும் பேசினேன். அவர் மரியாதையாகக் கேட்டார். கடைசியில், "நாளைக்கு வேன் சொல்லிருக்கு மேடம்," என்றார்.

இளவரசியே போக விரும்புகிறாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"போயிடறேன் மேடம். ஊர்ல இருக்கறவங்க பாக்கட்டும் நான் நல்லாருக்கேன்னு."

"யாரு பாத்தா என்ன?"

"ஒங்களுக்கு என்ன. நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க."

மாலையில் தலையைத் தூக்கினாள். கொஞ்சம் நடுங்கிற்றா? டாக்டரைக் கூப்பிட்டேன். பார்த்தார், தாங்குகிறாள் என்றார். விடாமல் பார்க்கச் சொன்னார்.

அக்டோபர் 24, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லையென்றால் நான் அதைச் சரிசெய்துவிடுவேன்.

காலையில் கொளஞ்சி பட்டுப்புடவையோடு வந்தாள், விழா நாளைக்குத்தான் என்றாலும் ஊருக்குள் இறங்கும்போதே எல்லோரும் பார்க்கட்டும் என்று. அரக்கு நிறம். ஒரு பையில் பூ. டாக்டர் இன்னொரு கட்டிலில், புதிதாக வந்த பள்ளிக்கூடப் பையனுக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார். தங்கதுரை வாசலில் வேனை நிறுத்தி வைத்திருந்தார். கையெழுத்துப் போடும் தாளை நர்ஸ் தேடிக்கொண்டிருந்தாள். மெதுவாகத் தேடினாள். தாமதப்படுத்தத்தான்; இப்போது புரிகிறது.

இளவரசியை உட்காரவைத்துப் புடவை சுற்றினார்கள். கொளஞ்சி தலை சீவிப் பின்னினாள். கனகாம்பரமும் மல்லிகையும் சேர்த்துக் கட்டிய சரம். பின்னலில் வைத்து ஊசி குத்தினாள். தலை முன்னால் சாய்ந்தது. முகவாய் நெஞ்சில் இடித்தது. அப்படியே இருந்தது.

பக்கத்துக் கட்டில்காரி, "பாவம், வெக்கப்படுது," என்றாள்.

கொளஞ்சி நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இப்பவாச்சும் குனியத் தெரிஞ்சுதே."

எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. பட்டுப்புடவை. பூ. குனிந்த தலை. ஊருக்குக் காட்ட வேண்டிய மருமகள். வார்டில் ஒருவருக்கும் அதில் வியாதி தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை. வெட்கம் என்றுதான் நானும் நினைத்தேன். அவளுக்காகக் கோபப்பட்டுக்கொண்டு நின்றேன். கோபப்பட எனக்கு நேரம் இருந்தது.

பிறகு வேலை ஞாபகம் வந்தது.

"இளவரசி, தலையத் தூக்குங்க."

கண் மட்டும் மேலே வந்தது. புருவத்துக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தாள். தலை வரவில்லை.

"தூக்குங்க."

"வர... ல," என்றாள். மூக்கால் வந்த குரல்.

"நிமுருடி, மேடம் சொல்றாங்கல்ல," என்றாள் கொளஞ்சி. கன்னத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். கையை எடுத்ததும் விழுந்தது.

ஓடினேன். டாக்டர் கையுறையோடு வந்தார். பார்த்த மாத்திரத்தில் கட்டிலைத் தள்ளச் சொன்னார். புடவையைக் கழற்ற நேரமில்லை, ரவிக்கையைக் கத்திரித்தார்கள். மூச்சுக்குழாய் போட்டு, வென்டிலேட்டரில் இணைத்தார்கள். தலைக்கு அடியில் பூ நசுங்கிக் கிடந்தது. யாரோ பிடுங்கித் தரையில் போட்டார்கள்.

வேன்காரன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

அக்டோபர் 25, வெள்ளி

விழா நடந்துவிட்டது. தண்ணீர் ஊற்றியது வேறு ஒருத்தி. இளவரசிக்கு டெங்கு என்று சொல்லியிருக்கிறார்கள்.

மாலையில் தங்கதுரை பட்டு வேட்டியோடு வந்தார். நெற்றியில் சந்தனம். ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகப் பார்த்தார். மார்பு ஏறி இறங்கியது. இயந்திரத்தின் ஏற்றம், இயந்திரத்தின் இறக்கம். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கறேன் மேடம். தப்பா நெனைக்காதீங்க."

"கேளுங்க."

"எங்கப்பா காலத்துலேர்ந்து மருந்து மோட்டார் கொட்டாயிலதான் கெடக்கும். காட்டுல. வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வந்ததில்ல. புள்ள குட்டி பொழங்குற எடம், ஆகாதும்பாரு. நீங்கதான் பொட்டியக் குடுத்து எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுப் பூட்டச் சொன்னீங்க. இம்மாம் நல்ல பொட்டியக் காட்டுல வச்சா களவு போயிடாது? வீட்டுல வச்சோம். அவள அடிச்சது நாந்தான். அத நான் யாரு மேலயும் போடல. ஆனா மருந்த வீட்டுக்குக் கொண்டாந்தது யாரு?"

நான் ஏதோ சொன்னேன். பூட்டைப் பற்றி.

"பூட்டுனா சாவி இருக்குமில்ல மேடம்."

அக்டோபர் 27, ஞாயிறு

பிரபாகர் சாரிடம் போனில் சொன்னேன். பெட்டிகளை வீட்டிலிருந்து எடுத்துக் காட்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்று.

"உணர்ச்சிவசப்படாதீங்க. எல்லாப் பெட்டியும் வீட்டுக்குள்ள பத்திரமா இருக்கு, பூட்டியிருக்கு. அதுதான் நம்ம ரிசல்ட்டே. இந்தக் கேஸ தெளிப்பு வேலையில ஏற்பட்ட பாதிப்புன்னு போட்டுடுங்க."

"அவங்க குடிச்சாங்க சார்."

"குடும்பமே காத்துல பட்டுச்சுன்னுதானே சொல்லுது? குடும்பம் சொல்றத நாம மதிக்கணும்."

மதிப்பு என்ற சொல்லை இவர் இப்படித்தான் பயன்படுத்துவார்.

மழை. வராந்தாவில் என் பாய் நனைந்துவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெளியில் வெடி. ஒவ்வொரு வெடிக்கும் வராந்தாவில் தூங்குகிறவர்கள் புரண்டு படுக்கிறார்கள். இளவரசி புரளவில்லை.

டாக்டர் ஷெரின் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். யாரோ நோயாளி வீட்டில் கொடுத்ததாம்.

"ஊருக்குப் போகலியா?"

"அடுத்தது யாரு வருவாங்கன்னு தெரியாதே. நாளும் கிழமையும்னா சண்டை கூடுதல்." முறுக்கை உடைத்தார். "உங்க பெட்டி. நான் தப்புன்னு சொல்லல. ஆனா ஒண்ணு பாத்திருக்கீங்களா? இங்க வர்றவங்க எல்லாருக்கும் கோபம் ஒண்ணுதான். கையில கிடைச்சது எதுன்றதுலதான் பிழைக்கறதும் போறதும். சிலதக் குடிச்சவங்க நடந்து வீட்டுக்குப் போறாங்க. சிலதக் குடிச்சவங்களுக்கு நான் என்ன பண்ணாலும் ஒண்ணும் இல்ல. அந்தச் சிலது கடையிலயே இருக்கக்கூடாது. பூட்ட வேண்டிய இடம் அது."

"அது எங்க திட்டத்துல வராது."

"ஏன்?"

பெட்டி மூடியில் இருந்த சூரியனை நினைத்துக்கொண்டேன். அந்தச் சூரியன் பூச்சிமருந்துக்கடைப் பலகைகளிலும் இருக்கிறது. இத்தனை நாளாக அதை நான் அழகான சூரியன் என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"தெரியல," என்றேன்.

நவம்பர் 3, ஞாயிறு

குழாயை எடுத்தார்கள். தானாக மூச்சு விடுகிறாள்.

நவம்பர் 5, செவ்வாய்

குரல் காய்ந்த சருகு மாதிரி. ஆனாலும் பேச வேண்டும் என்கிறாள்.

"ஒம் பேரு என்ன?"

"மேகலா."

"இத்தினி நாளா மேடம் மேடம்னே கூப்புட்டுருக்கேன்."

தண்ணீர் கேட்டு ஒரு வாய் குடித்துவிட்டு:

"சாவணும்னு இல்ல மேகலா. அந்த எடத்த விட்டு எந்திரிச்சுப் போயிடணும். அவ்வளவுதான். அடிச்சதுகூடப் பெருசில்ல. அத்தன பேரு உக்காந்திருந்தாங்க. ஒருத்தரும் எந்திரிக்கல."

"ம்."

"கதவச் சாத்திட்டேன். எங்க போறது? நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு நின்னேன். கையில சாவி தட்டுப்பட்டுச்சு." கூரையைப் பார்த்தாள். "குடிச்ச ஒடனே ஐயோன்னு ஆயிடுச்சு. கதவத் தெறந்து நாந்தான் கத்துனேன். அத யாரும் ஒங்கிட்ட சொல்லிருக்க மாட்டாங்க."

சொல்லவில்லை.

"நீ அழுவாத. நீ நல்லதுக்குத்தான குடுத்த."

எதை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனநல ஆலோசகர் விடுப்பில். பதிலுக்கு வந்தவர் கட்டிலருகே நின்று, "இனிமே இப்படி எல்லாம் பண்ணக்கூடாது, சரியா? புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும்," என்றார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

டாக்டர் ஷெரின் தங்கதுரையைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். கொஞ்ச நாள் தனியாக விடாதீர்கள், வீட்டில் மருந்து வைக்காதீர்கள், கை ஓங்காதீர்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு டாக்டர் இளவரசியிடம் சுவரில் பெரிதாக ஒட்டியிருந்த 104 உதவி எண்ணைக் காட்டினார். "மனசு தாங்கலன்னா கூப்பிடுங்க. யாராவது எடுப்பாங்க. இங்க என்னையும் கேக்கலாம்."

"போன் இல்லியே டாக்டர்," என்றாள் இளவரசி.

"வாங்கித் தர்றேன்," என்றார் தங்கதுரை. பிடுங்கியதைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 13, புதன்

மோட்டார் கொட்டாய் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனேன். தனியாக. இளவரசி வீட்டு வாசலிலிருந்து நடந்தேன்.

முதல் திருப்பத்திலேயே ஒரு கிழவர்: "எங்கம்மா கெளம்பிட்ட?" காட்டுக்கு என்றேன். குழாயடியில் இரண்டு பெண்கள்: "எங்க இம்மாந்தூரம்?" ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிறவள் பதில் கிடைக்கிற வரை விடவில்லை, யார் வீட்டுப் பிள்ளை, கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை. களத்துமேட்டில் ஒரு நாய் குரைத்து வழி மறித்தது, நாயின் சொந்தக்காரன் வந்து, "தண்ணி குடிச்சிட்டுப் போறியா?" என்றான். பருத்திக்குள் போகும் வரப்பு சேறு. செருப்பைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது எதற்கு வந்தேன் என்பதே கொஞ்சம் மறந்திருந்தது.

கொட்டாய்க்குள் காலி அலமாரி. பாட்டில்கள் இருந்த இடங்களில் தூசி இல்லாத வட்டங்கள்.

இந்த வழி முழுக்கத்தான் பூட்டு இருந்திருக்கிறது. எங்க போற, எங்க போற என்று. நாங்கள் அதைத் திறந்து, எடுத்து, டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தோம்.

நவம்பர் 15, வெள்ளி

இரண்டு நாளாக வீடு வீடாகக் கேட்டேன். மருந்தைக் காட்டுக்கே கொண்டுபோங்கள் என்று. சிலர் சரி என்றார்கள். சிலர் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வேனோ என்று பயந்தார்கள். ஒருவர், "மொதல்ல வைங்கறீங்க, அப்புறம் எடுங்கறீங்க, ஒங்களுக்கு வேற வேலயில்லியா?" என்றார். நியாயம்.

பிரபாகர் சாருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று செய்தி.

அறிக்கையில் குடித்தார் என்றே எழுதி அனுப்பியிருக்கிறேன். மாற்றிவிடுவார்கள். சாவி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற இடத்தில் இரண்டு வாக்கியம் எழுதி அடித்தேன். மூன்றாவது, "பயனாளியிடம் சாவி இருந்தது". அதை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

கடைசி முறையாக ஓலைக்குடிக்காடு. இளவரசி வீடு.

கொளஞ்சி காப்பி கொடுத்தாள். நடு அறையில் அதே பெட்டி, அதே குங்குமம். எனக்கு ஒரு நிம்மதி வேண்டியிருந்தது. திறந்து காட்டச் சொன்னேன். தங்கதுரை அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

பட்டா. நகை டப்பா. இளவரசியின் போன். தையல் வகுப்புக்கு அவள் கொண்டுபோகும் பை. கத்திரிக்கோல். ரேஷன் அட்டை. அவள் வெளியூருக்குப் போட்டுப்போகும் செருப்பு, காகிதத்தில் சுற்றி.

"மருந்து எங்க?"

"அதுக்கு எடமில்லைங்க. குளியலறைச் செவுத்து மேல வச்சிருக்கு."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"தனியா விடாதீங்கன்னாங்க. அதான் எங்கயும் போகாத மாதிரி..." அவர் உண்மையிலேயே சரியாகச் செய்ததாகத்தான் நினைத்திருந்தார். என்னிடம் பாராட்டுக்கூட எதிர்பார்த்தார்.

குளியலறைக்குப் போனேன். குள்ளச் சுவர். கை நீட்டினால் எட்டும். எல்லா பாட்டிலையும் சாக்கில் போட்டுக் கட்டினேன். தங்கதுரை தடுக்கவில்லை. "நான் கொண்டுபோய்ப் போடறேன் மேடம்," என்றார். இல்லை, சேர்ந்தே போவோம், கொட்டாய்க்கு ஒரு பூட்டும் போடுவோம் என்றேன். சாக்கு கனத்தது.

"அந்தப் போன அவங்க கையில குடுங்க."

"குடுக்கலாம் மேடம். பாக்கலாம்."

"இப்பக் குடுங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். கொளஞ்சி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெட்டி திறந்தே கிடந்தது. போனை நானே எடுத்தேன்.

இளவரசி சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்திருந்தது. நான் வந்ததிலிருந்து அப்படியேதான். போனை மடியில் வைத்தேன். கை அதை மூடிக்கொண்டது. தலை நிமிரவில்லை.

"இப்பல்லாம் ஒரு வார்த்த பேசறதில்ல," கொளஞ்சி உள்ளிருந்து. "அடக்கமா இருக்கா. நல்ல புத்தி வந்துடுச்சு."

குனிய வைத்தது கழுத்தா, வீடா? பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு தடவை தெரியாமல் நின்றிருக்கிறேன்.

தங்கதுரை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் சாக்கைக் கீழே வைத்தேன்.

"இளவரசி, தலையத் தூக்குங்க."

கொளஞ்சி வாசற்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

முதலில் கண் வந்தது. பிறகு நெற்றி. பிறகு முகவாய், மெதுவாக, நெஞ்சை விட்டு. கழுத்து நரம்பு புடைத்தது. தூக்கிவிட்டாள். நேராக என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி, அவர்களை.

தாங்கிக்கொண்டே இருந்தாள்.

போதும் என்று நான் சொல்லவில்லை.